பிள்ளைபிடிகாரனைத் தேடிப் புறப்படும் சங்கங்கள்

கராச்சியில் காணாமல் போகும் குழந்தைகளுக்காக இயங்கும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தது. தெருவில் பையன்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு பறக்கிறார்கள். சற்று நேரத்தில் அதே வண்டி திரும்பி வருகிறது. பையனை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக் காட்டுகிறார்கள். படம் முடிகிறது.

யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த துண்டு வாட்ஸ்அப்பில் இந்தியாவுக்கு வந்தது. வடநாட்டிலிருந்து கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற குரல் பதிவுகளும் கூடவே சுற்றின. 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அதன் பிறகுதான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எடுத்தவர்கள் குழந்தைகளைக் காக்கத்தான் அதை எடுத்தார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நம் ஊரில் குழந்தைப் பாதுகாப்புக்கு ஒரு அறக்கட்டளை ஆரம்பிக்கலாம் என்று யாராவது வந்து யோசனை கேட்டால், இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைபிடிகாரனை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளி வாசலில் கேமரா, தெருமுனையில் இளைஞர் காவல்படை, சந்தேகப்படும்படி யாராவது திரிந்தால் படம் எடுத்து குரூப்பில் போடுவது என்று திட்டம் தயாராக இருக்கும். சட்டமும் வழக்குகளும் காட்டும் இடம் வேறு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களாக நாடு முழுக்க 1,62,449 வழக்குகள் பதிவாயின. அவற்றில் 45.7 விழுக்காடு கடத்தல் வழக்குகள், 39.7 விழுக்காடு போக்சோ வழக்குகள், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தின் கீழ் வருபவை. முதல் எண்ணைக் கண்டதும் கேமரா வாங்கலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கடத்தல் கணக்குக்குள் பல சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. பாலியல் வன்கொடுமை வழக்குகளைப் பொறுத்தவரை, பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்று அதே காப்பகம் ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா, டியூஷன் சார், வேன் டிரைவர், பாதிரியார், பூசாரி, உஸ்தாத். 2007இல் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகையான பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள்.

2018இல் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 11 வயதுச் சிறுமியை மாதக்கணக்கில் பலர் சேர்ந்து சீரழித்தது வெளியே வந்தது. கேட், காவலாளி, லிப்ட் ஆபரேட்டர் எல்லாம் உள்ள வளாகம். கைதான 17 பேரில் காவலாளிகளும் லிப்ட் இயக்குபவர்களும் பிளம்பிங் வேலைக்காரர்களும் இருந்தார்கள். 2020இல் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. வெளியாள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ள வைத்த ஆட்களும் அவர்களில் அடக்கம்.

கடத்தல் கணக்குக்குள் என்ன இருக்கிறது

வீட்டைவிட்டுப் போன பதினாறு பதினேழு வயதுப் பெண்களின் வழக்குகள் அதில் நிறைய. காதலித்த பையனோடு போயிருப்பாள். அப்பா காவல் நிலையத்துக்குப் போய்க் கடத்தல் என்று எழுதிக் கொடுப்பார். 18 வயது நிறையாத ஒருவரைப் பாதுகாவலரின் சம்மதமில்லாமல் கூட்டிப்போனால், அந்தப் பிள்ளை விரும்பியே போயிருந்தாலும், சட்டப்படி அது கடத்தல்தான். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அதே கருத்து 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடர்கிறது. உடலுறவு நடந்திருந்தால் போக்சோவும் சேரும். இப்படி வரும் வழக்குகளைப் பற்றி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வருத்தத்தோடு எழுதினார். வளரிளம் பருவத்துக் காதல்களைத் தண்டிப்பதற்காக நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை என்பது அவர் கருத்தின் சாரம்.

புதிதாகத் தொடங்கும் சங்கம் முதல் ஆண்டிலேயே சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். ‘எங்க பொண்ணைக் கடத்திட்டாங்க, நீங்கதான் மீட்டுக் கொடுக்கணும்’ என்று ஒரு குடும்பம் வந்து நிற்கும். கூடவே சாதிச் சங்கத்து ஆட்களும் வருவார்கள். பையன் எந்தத் தெருக்காரன் என்று சொல்லும்போது குரல் மாறும். குழந்தைப் பாதுகாப்பு என்ற பலகையை மாட்டிக்கொண்டு, ஓடிப்போன ஜோடியைத் தேடிப்பிடித்து வீட்டில் ஒப்படைக்கும் ஆட்களாக மாறிவிட ஒரு மாலைப்பொழுது போதும். ஒப்படைத்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அவள் 18 வயதுக்கு உட்பட்டவள் என்றால் அவளை நிறுத்தவேண்டிய இடம் மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழு. வீட்டுக்கு அனுப்புவதா, அரசு இல்லத்தில் வைப்பதா என்பதை அந்தக் குழு அவளையும் கேட்டு முடிவு செய்யும். தங்கள் வரம்பு எங்கே முடிகிறது என்பதைச் சங்கத்தார் விதிகளிலேயே எழுதிவைத்துக்கொண்டால் நல்லது; கூட்டம் வாசலில் நிற்கும்போது எழுதமுடியாது.

இன்னொரு வகை, பிரிந்துபோன கணவன் மனைவிக்குள் நடப்பது. பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் அப்பாவே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார். காவல் நிலையத்தில் ‘குடும்ப விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கம்மா’ என்பார்கள். அம்மாவுக்கு இருக்கும் வழி குடும்ப நீதிமன்றம், அவசரம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இதில் சங்கத்தால் செய்யக்கூடிய ஒரே உருப்படியான உதவி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பது பலருக்குத் தெரியாது.

கணக்கிலேயே வராத வகை ஒன்றும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு கிடை ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட பையன்கள், வடமாநிலங்களுக்கு முறுக்குக் கம்பெனிக்குப் போன பையன்கள். யாரும் காணவில்லை என்று புகார் தரமாட்டார்கள், அனுப்பியவர்களே பெற்றவர்கள் என்பதால். பள்ளி வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் ஆப்சென்ட்தான் வெளியே தெரியும் ஒரே தடயம். தலைமையாசிரியரோடு நல்லுறவு வைத்திருக்கும் சங்கம் கேமரா வாங்கிய சங்கத்தைவிட அதிகம் கண்டுபிடிக்கும்.

உண்மையாகவே ஒரு பிள்ளை காணாமல் போனால்? காவல் நிலையத்தில், புகார் வந்தது என்பதற்கு மட்டுமான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, சொந்தக்காரங்க வீட்டுல தேடிப் பாருங்க, நாளைக்கு வாங்க என்று அனுப்பும் வழக்கம் இன்னும் முழுக்கச் சாகவில்லை. 2006இல் நொய்டா பக்கம் நிதாரியில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது பெற்றோர்கள் கொடுத்த புகார்களை யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. 2013 மே மாதம், பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விதியை வகுத்தது. குழந்தை காணவில்லை என்று வரும் ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை போடவேண்டும். வேறு காரணம் என்று தெரியவரும்வரை அதைக் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்கவேண்டும். நான்கு மாதத்தில் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போகவேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பதறிக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கு இது தெரிந்திருக்காது. அந்த உத்தரவின் நகலோடு அவர் பக்கத்தில் போய் நிற்க, சத்தம் போடாமல் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தால் ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகும். சங்கத்தின் முதல் செலவு அந்த ஜெராக்ஸாக இருக்கட்டும்.

படத்தை வாட்ஸ்அப்பில் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. கிடைத்துப் பல ஆண்டுகளான பிள்ளையின் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அப்பாவின் செல்போன் எண்ணோடு. தேதி, காவல் நிலையத்தின் எண் இரண்டும் மட்டும் போதும், குடும்பத்தின் எண் வேண்டாம். பிள்ளை கிடைத்த அன்றே ‘கிடைத்துவிட்டது, பதிவை நீக்குங்கள்’ என்ற செய்தியும் அதே வேகத்தில் போகவேண்டும். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு பெயர், படம், பள்ளி, தெரு எதையும் வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி குற்றம். நீதி கேட்டுப் போஸ்டர் அடிக்கும் சங்கங்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன.

பத்திர எழுத்தரிடம் போவதற்கு முன்

தமிழ்நாட்டில் பதிவு செய்ய மூன்று வழி. சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கம், இதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி லாப நோக்கமற்ற நிறுவனம். எளிது என்பதால் எல்லோரும் அறக்கட்டளைக்கே போகிறார்கள். அதில் நிறுவனர் வைத்ததுதான் சட்டம், கேட்க ஆளில்லை. குழந்தைகள் விஷயத்தில் கேட்க ஆளில்லாத அமைப்பு ஆபத்தானது என்பது என் எண்ணம். ஆண்டுப் பொதுக்குழு, தேர்தல், கணக்குத் தாக்கல் என்று தொல்லை தந்தாலும் சங்கமே மேல். அறக்கட்டளைதான் என்று முடிவு செய்தால், குடும்பத்துக்கு வெளியே உள்ள அறங்காவலர்கள், நிறுவனரையே நீக்கும் வழி இரண்டையும் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

பத்திர எழுத்தரின் கணினியில் ஒரு மாதிரிப் படிவம் இருக்கும். ஏழை எளியோருக்குக் கல்வி உதவி, மருத்துவ முகாம், மரம் நடுதல், முதியோர் இல்லம், கோயில் திருப்பணி, இன்ன பிற. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தந்துவிடுவார். நோக்கங்களில் மத காரியம் கலந்தால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வாங்கித்தருவதில் சிக்கல் வரும் என்று அவர் சொல்லமாட்டார். உங்கள் நோக்கத்தை நீங்களே நாலைந்து வரியில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். மனித உரிமை என்ற சொல்லைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, சிங்க முத்திரையோடு அடையாள அட்டை விற்று, காரில் ‘தேசியத் தலைவர்’ பலகை மாட்டிச் சுங்கச்சாவடியில் சண்டை போட்ட கூட்டங்களால் காவல்துறைக்கு இப்படிப்பட்ட அமைப்புகள்மேல் ஒரு கசப்பு ஏற்கெனவே உண்டு. ஆணையம், வாரியம், படை போன்ற சொற்களைத் தவிர்ப்பது நல்லது. அடையாள அட்டையே வேண்டாம் என்றாலும் குறைந்துபோக மாட்டீர்கள்.

வருமான வரித்துறைப் பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்பன் எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒரு நல்ல ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். வெளிநாட்டுப் பணத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு அமைப்புக்கு மூன்று ஆண்டு வயதும், அந்த மூன்றாண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கும் வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ உறவுக்காரர் அன்போடு அனுப்பினாலும், அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடைதான். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர் என்றால் அப்படி இல்லை.

முதலில் பூட்டவேண்டிய கதவு

இல்லம் ஆரம்பிக்காதீர்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் என்பது நன்கொடை கேட்கவும் பிறந்தநாள் சாப்பாடு போடவும் வசதியான திட்டம். ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி பதிவு பெறாமல் ஒரு பிள்ளையைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். தெருவில் கண்டெடுத்த பிள்ளையை அன்றிரவு வீட்டில் தூங்கவைத்துவிட்டு மறுநாள் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளவும் முடியாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாகவேண்டும், பயண நேரம் மட்டும் கழிவு.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2021இல் மதுரையில் ஓர் அறக்கட்டளை நடத்திய காப்பகத்தில், ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்து தத்தனேரியில் புதைக்கப்பட்டதாகப் போலி ஆவணம் தயாரித்துவிட்டு, அந்தக் குழந்தையைப் பணத்துக்கு விற்றிருந்தார்கள். நல்ல பெயர் வாங்கியிருந்த அமைப்பு. பீகாரின் முசாபர்பூரில் தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமியர் இல்லத்தில் நடந்ததை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கைக் குழு 2018இல் வெளிக்கொண்டு வந்தது. 2020இல் அதன் நிறுவனருக்கு ஆயுள் முழுக்கச் சிறை. குழந்தைகளோடு தனித்திருக்க விரும்புகிறவனுக்குக் குழந்தைகளைக் காக்கும் அமைப்பைவிட வசதியான இடம் கிடைக்காது.

ஆகவே சங்கம் பதிவான பிறகு எழுதவேண்டிய முதல் ஆவணம் சங்கத்தாருக்கே எதிராக எழுதப்படுவது. பெரியவர் ஒருவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, தலைவர் உட்பட. யாரும் பிள்ளைகளைத் தன் வண்டியில் தனியாக ஏற்றிப்போகக் கூடாது. பிள்ளைகளின் படத்தைச் சொந்தப் போனில் எடுக்கக்கூடாது. தன்னார்வலர் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு. குழந்தைகளோடு பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை அவ்வப்போது இப்படிச் சரிபார்க்கவேண்டும் என்று 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகளே சொல்கின்றன. நம்மவர் மேலேயே புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பதற்குச் சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் எண் சுவரில் இருக்கவேண்டும். முதல் கூட்டத்தில் இதைப் படித்தால் ஓரிருவருக்குக் கோபம் வரும். ‘எங்களையே சந்தேகப்படுறீங்களா?’ ஆமாம் என்றுதான் பதில்.

பிள்ளை வாய் திறக்கும்போது

பள்ளிக்குப் போய் ‘குட் டச், பேட் டச்’ நடத்துவதுதான் பெரும்பாலான சங்கங்களின் முதல் நிகழ்ச்சி. ஒரு மணி நேரம், ஒரு பேனர், குரூப் போட்டோ. சென்னையில் 2004 முதல் குழந்தைகள்மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கும் வேலையை மட்டுமே செய்துவரும் துளிர் போன்ற அமைப்புகள் இதை ஒரு நாள் கூத்தாகச் செய்வதில்லை. வயதுக்கு ஏற்ற பாடம், பல வகுப்புகள், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாகப் பேச்சு என்று நீளும் வேலை அது. கெட்ட தொடுதல் என்றால் வலிக்கும், பயமாக இருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொண்டால், விளையாட்டாகவும் பாசமாகவும் ஆரம்பிப்பதை அது கண்டுகொள்ளாது. எந்த உறுப்பை யார், எதற்காகத் தொடலாம், யாரும் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வது என்று தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதே உதவும். இன்னொன்றும் உண்டு. வகுப்பு முடிந்த அடுத்த வாரம்தான் ஏதாவது ஒரு பிள்ளை வந்து ‘மிஸ், எனக்கும்…’ என்று ஆரம்பிக்கும். பேனரைச் சுருட்டிக்கொண்டு போன சங்கம் அப்போது அங்கே இருக்காது.

இருந்தால் என்ன செய்யவேண்டும்? கேட்கவேண்டும். அவ்வளவுதான். எத்தனை முறை, எங்கே, என்ன நிறச் சட்டை என்று துருவக்கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவைக்கவேண்டும். ஆர்வக்கோளாறில் நான்கு பேர் நான்கு தரம் விசாரித்தால், இரண்டு ஆண்டு கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ‘சங்கத்துக்காரங்க சொல்லிக்கொடுத்ததைச் சொல்றே’ என்று ஒரே கேள்வியில் வழக்கைச் சாய்த்துவிடுவார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்யவும் கூடாது. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் உண்டு. முதலில் அந்த வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசிப்பார்க்கலாம் என்பது நம் ஊர்ப் பழக்கம். இந்த விஷயத்தில் அதற்குப் பெயர் கட்டப்பஞ்சாயத்து.

குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐப் பற்றிப் பலருக்கு இன்னும் பழைய நினைப்புதான். 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய சேவை அது. நாடு முழுக்கப் பரவியபோது ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனம்தான் அதை எடுத்து நடத்தியது. சிறு அமைப்புக்கு அரசுப் பணமும் அதிகாரிகளிடம் மரியாதையும் கிடைத்த வழி அது. 2023இல் ஒன்றிய அரசு அந்தச் சேவையைத் தன் பொறுப்பில் எடுத்து, 112 அவசர எண்ணோடு இணைத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கீழ் கொண்டுவந்தது. எண் அதேதான், நீங்களும் அழைக்கலாம். ஆனால் அதை நடத்தும் அமைப்பாக வளரலாம் என்ற கனவில் இப்போது யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

ஆளில்லாமல் கிடக்கும் வேலை

போக்சோ விதிகளில் ‘ஆதரவு நபர்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. வழக்குப் பதிவானதும் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும். குழு, குடும்பத்தின் சம்மதத்தோடு, விசாரணை முதல் தீர்ப்பு வரை பிள்ளையின் கூடவே இருக்க ஒருவரை நியமிக்கலாம். குழந்தைகள் துறையில் வேலை செய்யும் அமைப்பின் ஆளாக அவர் இருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இப்படிப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கவேண்டும். அவர்களுக்கு ஊதியமும் உண்டு. திறன் பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது என்று விதி சொல்கிறது. ஊருக்குள் ஒரு சின்னச் சங்கம் உருப்படியாக ஏதாவது செய்யமுடியும் என்றால் அது இதுதான் என்பேன்.

அது எப்படிப்பட்ட வேலை? புகார் கொடுத்த அன்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் ஆரம்பிக்கும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து வாங்கவேண்டும் என்ற விதியைக் கடுப்பேற்றாமல் நினைவூட்டத் தெரியவேண்டும். பிறகு அரசு மருத்துவமனை. அங்கே பிள்ளை நம்பும் ஒருவர் கூட இருக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. பிறகு மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். குற்றப்பத்திரிகை போட்டார்களா, எண் கொடுத்தார்களா என்று நீதிமன்ற அலுவலகத்தில் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் ஒழிய அந்த மௌனம் கலையாது.

பிறகு வாய்தா. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தையும், ஓராண்டுக்குள் விசாரணையையும் முடிக்கவேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நடப்பு வேறு. கட்டடத் தொழிலாளியான அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பள்ளிக்கு லீவு சொல்லிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்கு வந்து சேர்ந்தால், நீதிபதி லீவு. அடுத்த வாய்தாவுக்கு அரசு வழக்கறிஞர் வேறு கோர்ட்டில். வராந்தாவில் எதிர்ப்பெஞ்சில் குற்றம் சாட்டப்பட்டவரின் ஆட்கள். கூடத்துக்குள் பிள்ளையின் கண்ணில் அவர் படக்கூடாது என்று 36ஆவது பிரிவு சொல்கிறது. வராந்தாவுக்கு எந்தப் பிரிவும் இல்லை. ஆதரவு நபரின் திறமை அங்கேதான். எந்தப் படிக்கட்டு வழியாக ஏறலாம், அமீனாவிடம் சொல்லி எந்த அறையில் உட்காரலாம், மதியம் அழைப்பார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, கலர் பென்சிலும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் கொண்டுவந்திருப்பார். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே ஒரு நாள் காலியான நீதிமன்றக் கூடத்தைக் காட்டி, ‘இங்கதான் ஜட்ஜ் அம்மா உட்காருவாங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்’ என்று பழக்கிவைத்திருப்பார். என்ன சொல்லவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசமாட்டார்.

இந்த இடைவெளியில்தான் வழக்குகள் செத்துப்போகின்றன. தெரிந்தவர்தானே குற்றவாளி, அவர் அம்மாவின் தம்பியாக இருப்பார், அல்லது கடன் கொடுத்தவராக, வீட்டுச் சொந்தக்காரராக இருப்பார். திருவிழாவில் பார்க்கவேண்டும், கல்யாணத்தில் பார்க்கவேண்டும். ‘நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்க வேணாமா’ என்று பாட்டியே அழுவார். இரண்டாவது வருடம் அம்மா கூண்டில் ஏறி, கோபத்தில் கொடுத்த புகார் என்பார். பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள், விடுதலை. அந்த அம்மாவைக் குறை சொல்லி என்ன பயன்? அவளுடன் யாரும் இல்லை என்பதுதான் அதில் எழுதப்படாத விஷயம்.

இதற்குக் கூட்டம் வேண்டாம். பொறுமையும் வாய்க்கட்டுப்பாடும் உள்ள, பகலில் நேரம் ஒதுக்கமுடிந்த மூன்று நான்கு பேர் போதும். பெண்கள் என்றால் மிகவும் நல்லது. மாதந்தோறும் இத்தனை பேரை மீட்டோம் என்று போஸ்டர் போட முடியாது. எந்த வழக்கையும் பெயர் சொல்லிப் பேச முடியாது. நன்கொடை கேட்பதில் இது பெரிய இடைஞ்சல். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் பெரும்பாலும் மூன்றாண்டு அனுபவம் கேட்கும், எண்ணிக்கை கேட்கும். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்கு ஊர்க்காரர்களின் மாதச் சந்தாவே கைகொடுக்கும். பஸ் கட்டணம், சாப்பாடு, அம்மாவின் ஒரு நாள் கூலி, ஜெராக்ஸ். செலவு இவ்வளவுதான் என்பதால் அது முடியாத காரியமல்ல.

அந்தச் செலவிலும் ஒரு பகுதியை அரசிடமே வாங்கமுடியும் என்பதைப் பல சங்கங்கள் கவனிப்பதில்லை. உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிவாரணம் வழங்கக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போன ஒரு வாரத்துக்குள் பணம் தரவேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம், தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு அதைக் கொடுக்கவேண்டும். மனுவைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் எழுதித் தருவார். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார், எஃப்.ஐ.ஆர். நகல் இவற்றைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.